கை ஸ்டெபிலைசரில் மானிட்டரை எங்கே மாட்டுவது? கைப்பிடியில் மாட்டினால் கேமரா தானாகத் திரும்புகிறது

கோத்தகிரி கேமரா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். மூன்று மாதத்துக்கு முன் கிளைட்கேம் மாதிரியான ஒரு கை ஸ்டெபிலைசரை, அதாவது நடக்கும்போது கேமரா குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் கம்பத்தை, பழையதாக வாங்கினேன். மோட்டார் எல்லாம் கிடையாது. மேலே கேமரா, நடுவில் எல்லாப் பக்கமும் இலகுவாகத் திரும்பும் மூட்டான கிம்பலும் கைப்பிடியும், கம்பத்தின் அடியில் ஒரு நீளப் பட்டை, அதன் இரண்டு முனையிலும் எடைத் தட்டுகள். மொட்டை மாடியில் பத்து நாள் பழகியதில் ஓரளவு கைக்கு வந்துவிட்டது.

பிரச்சினை திரைதான். கேமராவின் பின்திரை என் மூக்குக்கு நேராக நிற்கிறது, அதைப் பார்த்தால் கால் வைக்கும் இடம் தெரிவதில்லை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சமதரை என்று ஒன்று எங்கே இருக்கிறது? வீட்டு வாசலிலிருந்து பந்தலுக்கு நாற்பது படி, பந்தலிலிருந்து சாப்பாட்டுக்கு இன்னொரு இறக்கம். போன மாதம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்துபோய்த் தேயிலைச் செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன், பெண் வீட்டார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதனால் நண்பரிடம் 7 அங்குல மானிட்டர் ஒன்றைக் கடன் வாங்கி, வீடியோக்களில் பார்த்தபடி மேஜிக் ஆர்ம் என்கிற மடக்கும் கை ஒன்று போட்டுக் கைப்பிடியில் மாட்டினேன். படம் அருமையாகத் தெரிகிறது. ஆனால் கேமரா நான் விட்ட இடத்தில் நிற்பதில்லை. இடது பக்கமாகத் தானே திரும்புகிறது, கட்டை விரலால் பிடித்து நிறுத்தினால் ஆட்டம் படத்தில் வந்துவிடுகிறது. மானிட்டரைக் கழற்றினால் பழையபடி சரியாக நிற்கிறது. பேலன்ஸை நான்கு முறை முதலிலிருந்து செய்து பார்த்துவிட்டேன்.

மானிட்டரும் பெரிய பேட்டரியும் சேர்த்து முக்கால் கிலோ இருக்கும். இந்த எடைதான் காரணமா? 5 அங்குலம் வாங்கினால் சரியாகிவிடுமா? எப்படியும் சொந்தமாக ஒன்று வாங்கத்தான் வேண்டும், அதனால் எதை வாங்குவது, எதைக் கொண்டு மாட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.


மேட்டுப்பாளையம் பழைய ஆள் எழுதியது:

தம்பி, எடை காரணமில்லை. கேமராவிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள்தான் காரணம்.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் மோட்டார் கிம்பலுக்கானவை. அதில் கைப்பிடியில் மாட்டுவதுதான் சரி, ஏனென்றால் கேபிள் கொஞ்சம் இழுத்தாலும் மோட்டார் எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் மோட்டார் எது? கிம்பலின் பேரிங் மட்டும்தான் கேமராவை உங்கள் கையிலிருந்து பிரித்து வைக்கிறது, ஒரு விரல் நுனியால் ஊதினாற்போலத் தொட்டாலே திரும்புகிற அளவுக்கு அது இலகுவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தைத் தாண்டிக் கேமராவிலிருந்து கைப்பிடிக்கு ஒரு தடித்த கேபிளைக் கட்டினால் அது ஸ்பிரிங் மாதிரி இழுக்காமல் என்ன செய்யும்? இடது பக்கம் திரும்புகிறது என்றால் கேபிளின் சுருள் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் மானிட்டரை அப்படியே விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள், கேமரா நிற்கும்.

கேமராவும் மானிட்டரும் கிம்பலுக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது கேமராவோடு சேர்ந்து சுற்றுகிற கம்பத்தில். அப்போது கேபிளும் கம்பத்தோடேயே சுற்றும், எதையும் இழுக்காது.

கம்பத்தில் எங்கே என்பது அடுத்த கேள்வி. கேமராவின் தலையில், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் மாட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மானிட்டர் பேட்டரி இல்லாமல் 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஹாட் ஷூ கிம்பலுக்கு 18 சென்டிமீட்டர் மேலே, அடிப்பட்டை 36 சென்டிமீட்டர் கீழே. மேலே ஏற்றிய 250 கிராமைச் சமன் செய்யக் கீழே இன்னும் 125 கிராம் தட்டு போட வேண்டும். ஆக மணிக்கட்டில் 375 கிராம் கூடுகிறது. அதே மானிட்டரை அடிப்பட்டையின் முன்முனையில் மாட்டினால், அங்கே இருக்கிற தட்டுகளில் 250 கிராமைக் கழற்றிவிடலாம், கையில் ஒரு கிராம்கூட ஏறாது. எப்படியும் கீழே இரும்புத் தட்டைச் சுமக்கத்தான் போகிறீர்கள், அந்த இடத்தில் படம் காட்டுகிற இரும்பு இருந்துவிட்டுப் போகட்டுமே.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. காரெட் பிரவுன் 1970களில் இந்த வகைக்கெல்லாம் முன்னோடியான ஸ்டெடிகேமை உருவாக்கியபோதே மானிட்டரும் பேட்டரியும் கம்பத்தின் அடியில்தான் இருந்தன, கேமராவுக்கு எதிர் எடையே அவைதான். அந்தக் கால மானிட்டர் பச்சை நிறத்தில் ஒளிரும் சின்னப் படக்குழாய். நிறம் கிடையாது, ஆனால் வெயிலில் பளிச்சென்று தெரியும். நடக்கிறவனுக்கு வேண்டியது ஃபிரேமின் ஓரமும் அடிவானக் கோடும்தான். திரை கீழே இருப்பதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பார்வை தாழ்ந்திருப்பதால் திரைக்கு அப்பால் உங்கள் கால் வைக்கும் படி கடைக்கண்ணில் தெரியும், தேயிலைச் செடிக்குள் உட்கார வேண்டியதில்லை.


லவ்டேல் ராஜபாட்டை எழுதியது:

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் 2 கிலோவைக் கையில் தூக்கிக்கொண்டு இந்தக் காலத்திலும் ஏன் இந்தத் தண்டனை? ஒரு மோட்டார் கிம்பல் வாங்குங்கள். டிஜேஐ ஆர்எஸ் 3 வாங்கினால் 3 கிலோ வரை தாங்கும், ப்ரோ என்றால் 4.5 கிலோ. மானிட்டரைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளலாம், கேபிள் மட்டும் மெல்லிய சுருள் கேபிளாக, தளர்வாக இருந்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன், எந்தத் தொல்லையும் இல்லை.

தொல்லையே இல்லை என்று சொன்னால் பொய். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடியற்காலை உறைபனி எடுக்கப் போனபோது மானிட்டர் பேட்டரி வழக்கமாக நிற்கிற நேரத்தில் பாதிகூட நிற்கவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரி அப்படித்தான், அது எந்தக் கிம்பலாக இருந்தாலும் பொருந்தும். உதிரி பேட்டரியைப் பையில் போடாமல் ஸ்வெட்டருக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.


கோத்தகிரி கேமரா எழுதியது:

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். நின்றுவிட்டது! மூன்று வாரமாக எடைத் தட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது.

லவ்டேல் அண்ணா, மோட்டார் கிம்பல் வாங்க இப்போது கையில் காசு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, படியில் இறங்கும்போது மோட்டார் கிம்பலில் அந்த மேலும் கீழுமான குலுக்கல் வருகிறதே, அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அடிப்பட்டையில் முன்பக்கம் மாட்டுவது என்று முடிவு. இப்போது அளவு, வெளிச்சம், கிளாம்ப் பற்றிச் சொல்லுங்கள்.


பூம்பாறை மலைப்பூண்டு எழுதியது:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். காற்று பற்றி யாருமே பேசவில்லை, அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

7 அங்குலத்தை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 5 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, எடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் முதலில் 7 தான் வைத்திருந்தேன். கோக்கர்ஸ் வாக்கில் ஆடி மாதம் ஒரு ஜோடியை எடுக்கப் போனேன், பள்ளத்தாக்கிலிருந்து மேலே அடிக்கிற காற்று தெரியும்தானே, கம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து மொத்தக் கேமராவையும் திருப்பியது. வெயிலுக்காகக் கவிழ்த்து வைக்கிற கூண்டு வேறு போட்டிருந்தேன், அது இன்னும் மோசம். மன்னவனூர் புல்வெளியிலும் இதே கதை. இப்போது 5 அங்குலம்தான், கூண்டும் கிடையாது. காற்று அதிகமான இடத்தில் திரையைக் கொஞ்சம் அதிகமாகவே மல்லாத்தி வைப்பேன், முகத்தில் அடிக்கிற காற்று அப்போது அவ்வளவாகப் பிடிக்காது.

கூண்டு இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சத்தில் கஞ்சம் கூடாது. அட்டைப் பெட்டியில் நிட்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 300, 400 எல்லாம் மண்டபத்துக்குள் சரி. வெளியில் 1000க்குக் குறைந்து வாங்காதீர்கள், 2000 கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அது பேட்டரியை அதே வேகத்தில் குடிக்கும். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் வெளிச்சம் குறையும், சாதாரணத் திரை போதும் என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. மெல்லிய மஞ்சில் வானம் முழுக்க ஒரே வெள்ளை விளக்காகிவிடும், எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் பிரதிபலிப்புதான். அதற்காகவே பளபளப்பான கண்ணாடி முகம் உள்ளதைத் தவிர்த்தேன், மங்கல் முகம் உள்ளது வாங்கினேன். இருப்பது பளபளப்புதான் என்றால் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டலாம்.

திரையின் தெளிவு 1920க்கு 1080 இருந்தால் ஃபோகஸ் நம்பிக்கையாகத் தெரியும். மலிவாக 800க்கு 480 வருகிறதே, அது ஃபிரேம் பார்க்கப் போதும், ஃபோகஸுக்கு நம்பாதீர்கள். ஃபோகஸ் உள்ள ஓரங்களை நிறம் போட்டுக் காட்டும் பீக்கிங் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ரா, முடிந்தால் வெளிச்ச அளவை நிறங்களாகக் காட்டும் ஃபால்ஸ் கலர். உங்கள் பக்கம் படுகர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு முற்றம் முழுக்க வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நிற்பார்கள், பின்னால் மஞ்சு இருந்தால் அதுவும் வெள்ளை. கேமராவைத் தானியங்கியில் விட்டால் முகம் எல்லாம் கறுத்துப்போகும், முகத்துக்காகத் திறந்தால் துணியின் மடிப்பே தெரியாமல் வெந்துபோகும். எவ்வளவு திறக்கலாம் என்பதை ஜீப்ரா கோடு சொல்லிவிடும், கண்ணை நம்ப வேண்டாம், ஏனென்றால் திரையின் வெளிச்சத்தை நீங்கள் ஏற்றி வைத்திருப்பதால் எல்லாமே சரியாக இருப்பது போலத்தான் தெரியும்.

இன்னொன்று, கேமராவில் இருப்பது எந்த எச்டிஎம்ஐ துளை என்று பாருங்கள். மிகச் சின்னதான மைக்ரோ என்றால் கேபிளை அசையாமல் பிடிக்க ஒரு கேபிள் கிளாம்ப் அவசியம். எனக்கு ஒருமுறை சுவரில் இடித்து அந்தத் துளையே ஆடிப்போய், போர்டு மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவில் ஒரு மானிட்டரே வாங்கியிருக்கலாம்.


மேட்டுப்பாளையம் பழைய ஆள் எழுதியது:

பூண்டுக்காரர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கூண்டு மட்டும், காற்றில்லாத மதிய வெயிலில் நான் போடுவேன்.

மாட்டுவது பற்றி. எல்லாப் பக்கமும் திரும்புகிற உருண்டை மூட்டுள்ள பால் ஹெட் வாங்காதீர்கள், விலை மலிவு என்று எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். நடக்க நடக்க அது மெல்லத் தலை குனியும். மானிட்டர் அரை அங்குலம் குனிந்தால் எடை நகர்ந்து பேலன்ஸும் போய்விடும், நீங்கள் கம்பத்தைக் குற்றம் சொல்வீர்கள். மேலும் கீழும் மட்டும் சாய்கிற டில்ட் மவுண்ட் வாங்குங்கள், இறுக்கம் கூட்டிக் குறைக்கிற திருகு உள்ளதாக. மானிட்டரின் அடியில் பெரும்பாலும் இருப்பது கால் அங்குலத் திருகுத் துளை ஒன்றே ஒன்று. ஒற்றைத் திருகில் நிற்கிற எந்தப் பலகையும் ஒருநாள் சுழன்று தளரும். பக்கத்தில் பின் நுழையும் சின்னக் குழிகள் உள்ள மானிட்டர் கிடைத்தால் அதற்கேற்ற மவுண்ட் போடலாம், சுழலவே சுழலாது. இல்லையென்றால் சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வட்டம் வெட்டி வாஷராகப் போடுங்கள்.

உங்கள் அடிப்பட்டையின் முனையில் எடைத் தட்டு கோர்க்கிற திருகு இருக்கும், அதிலேயே மவுண்ட் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். மரை ஒத்துவராவிட்டால் ஒரு அலுமினியத் துண்டில் துளை போட்டு மரை எடுத்துத் தரச் சொல்லிக் கோவை கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து கொடுத்துவிடுவார்கள். என்ன மரை என்று வாயால் சொல்லாதீர்கள், திருகையே கையில் கொண்டுபோங்கள். நான் சொல்லிச் செய்ததில் இரண்டு முறை போய்வந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். மானிட்டரின் முதுகில் பேட்டரியைக் குத்தி வைக்காதீர்கள். என்பி-எஃப் 970 பேட்டரி தனியாகவே 300 கிராம் வரும். மானிட்டரும் பேட்டரியும் சேர்ந்து முன்னால் தொங்கினால், நீங்கள் கேமராவைப் பின்னால் தள்ளிச் சமன் செய்வீர்கள். அசையாமல் நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். வேகமாக ஒரு திருப்பு திருப்பினால் கம்பம் சாய்ந்து பம்பரம் தள்ளாடுவது போல ஆடும். மேலே எடை பின்னுக்கு, கீழே எடை முன்னுக்கு இருந்தால் சுற்றும்போது அந்த இரண்டும் கம்பத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அதனால் பேட்டரியை அடிப்பட்டையின் பின்முனையில் ஒரு பேட்டரி தட்டில் வைத்து, அங்கிருந்து மானிட்டருக்கு ஒரு சின்ன மின் கேபிள் விடுங்கள். முன்னால் மானிட்டர், பின்னால் பேட்டரி, இரண்டும் ஒரே மட்டத்தில், கேமராவின் எடை கம்பத்துக்கு நேர் மேலே. மானிட்டர் 250 கிராம், பேட்டரி 300 என்றால் மானிட்டர் கம்பத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, பேட்டரி 10 சென்டிமீட்டர் தள்ளி. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 3000.

கேபிளைக் கம்பத்தோடு வெல்க்ரோ பட்டையால் நான்கு இடத்தில் கட்டிவிட்டு, கேமரா தட்டை நகர்த்துவதற்கு மட்டும் மேலே கொஞ்சம் தளர்வு விட்டு, அதற்குப் பிறகுதான் பேலன்ஸ் தொடங்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு. கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும்போது செய்த பேலன்ஸ் பேலன்ஸே இல்லை. கடைசியில் கம்பத்தைப் படுக்கை வாட்டில் பிடித்து விடுங்கள், நேராக நிமிர 2 முதல் 3 விநாடி ஆக வேண்டும். டக்கென்று விழுந்தால் அடியில் எடை அதிகம், நடக்கும்போது ஊஞ்சலாடும்.

வேலை நடுவில் பேட்டரி மாற்றினால் அதே அளவு பேட்டரியைத்தான் போட வேண்டும். 970 தீர்ந்தது என்று சின்ன 550ஐப் போட்டால் கிட்டத்தட்ட 200 கிராம் காணாமல் போய்விடும், நிமிரவே நிமிராது.


பூம்பாறை மலைப்பூண்டு எழுதியது:

அந்தப் பேட்டரி தட்டுக்கு ஒரு நூல் கட்டிவிடுங்கள். என்னுடையது வட்டக்கானல் இறக்கத்தில் தானே கழன்று உருண்டது. எங்கே நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.


கோத்தகிரி கேமரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், இங்கே ஐந்து நாளாக மழை, கரண்ட்டும் நெட்டும் வந்து வந்து போனது.

5 அங்குலம், 1000 நிட்ஸ், மங்கல் முகம் வாங்கிவிட்டேன். 230 கிராம். கணபதிக்குப் போகவில்லை, கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ரம்பமும் அரமும் வைத்தே துண்டைச் செய்து கொடுத்தார். பார்க்க அழகாக இல்லை, உறுதியாக இருக்கிறது. சைக்கிள் டியூப் வாஷர் போட்டேன். பேட்டரி பின்னால், நூல் கட்டி. முன் தட்டுகள் முழுவதும், பின் தட்டுகளில் பாதி கழன்றுவிட்டன, மொத்த எடை மானிட்டர் இல்லாமல் இருந்ததைவிட 90 கிராம்தான் கூடியிருக்கிறது. நிமிர இரண்டரை விநாடி.

நேற்று எங்கள் தெருப் படியில் மேலும் கீழுமாகப் பதினைந்து முறை நடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையைத் தொலைத்துவிட்டாயா என்று கேட்டார், அந்த அளவுக்குத் தலையைக் குனிந்துகொண்டே நடந்திருக்கிறேன் போல. படி தெரிகிறது, ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. கேமரா விட்ட இடத்தில் நிற்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். வேகமாகத் திருப்பினால் மட்டும் லேசாக ஒரு தள்ளாட்டம் இருக்கிறது, முன்பு இருந்ததில் கால்வாசிதான், ஆனாலும் தெரிகிறது. எதை நகர்த்துவது?


மேட்டுப்பாளையம் பழைய ஆள் எழுதியது:

மானிட்டரை மவுண்ட் வைத்து உயரத்தில் நிறுத்தியிருப்பீர்கள், பேட்டரி பட்டையோடு ஒட்டிப் படுத்திருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, சரியா? மானிட்டரை இறக்க முடியாதென்றால் பேட்டரிக்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரத்துண்டு வைத்து ஏற்றிப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பேட்டரியை அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, கம்பம் நேராக நிற்கும்வரை கேமரா தட்டை முன்னால் நகர்த்துங்கள், மறுபடி சுற்றுங்கள். ஆட்டம் கூடினால் எதிர்ப்பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள், சரியாக வந்ததும் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.


கோத்தகிரி கேமரா எழுதியது:

மரத்துண்டிலேயே தீர்ந்துவிட்டது அண்ணா. கோடும் போட்டாயிற்று. சனிக்கிழமை கட்டபெட்டுப் பக்கம் கல்யாணம், வாசலிலிருந்து பந்தலுக்கு அறுபத்திரண்டு படி என்று மாப்பிள்ளையின் தம்பி எண்ணிச் சொல்லியிருக்கிறார். மழை நிற்கவில்லை என்றால் இந்த மானிட்டருக்குப் பாலிதீன் உறை போட வேண்டும், அதன் வழியாகத் தொடுதிரை வேலை செய்யுமா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?


பூம்பாறை மலைப்பூண்டு எழுதியது:

மெல்லிய உறை என்றால் செய்யும், மேலே தண்ணீர் நின்றால் அதுவே தொட ஆரம்பித்துவிடும். கிளம்பும் முன்னாலேயே ஜீப்ராவைப் போட்டுவிட்டுத் திரையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நனைந்து குளிர்ந்த கேமராவை நேராக ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், லென்ஸும் திரையும் புகைமூட்டமாகிவிடும். பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறங்கள்.